கட்டப்படாத பொருளும் கடற்பயணமும்

மதுரை மாநகரில் வாழ்வோர் கடலைக் காண வேண்டுமாயின் நெடுந்தொலைவு செல்லவேண்டும். ஆயினும் மதுரைக்கும் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நம் வைகையாறு கடலைச் சேரும் பகுதியில் அழகன்குளம் என்னும் ஊர் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே நடத்திய அகழாய்வுகளில் உரோம நாட்டு மட்கல ஓடுகளும் காசுகளும் கிடைத்தன. பானையோடு ஒன்றில் பாய்மரக் கப்பலின் உருவம் கீறப்பட்டிருக்கிறது. பாண்டிய நாட்டுத் துறைக்கு வந்த கப்பலைக் கண்ணாரக் கண்ட ஒருவரின் கைவேலை அது என்று கருத இடமுண்டு.

அந்தக் கீறல் நமக்குக் காட்டுவது கப்பலின் புறத்தோற்றத்தை மட்டுமே. உள்ளே என்னென்ன பொருள்கள் இருந்தன, அவற்றை எவ்வாறு அசையாமற் கட்டிவைத்தனர் என்பதை அது சொல்லவில்லை. கடல் வரலாற்றைக் கூறும் நூல்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். பாயும் சுக்கானும் பெறும் பெருமையை அலமாரித் தாழ்ப்பாள் பெறுவதில்லை. ஆனால் கடலில் மனிதர் பட்ட துன்பங்களை ஆராய்ந்தால், அவற்றுட் பல கப்பலின் உள்ளேயிருந்தே பிறந்தவை என்பது விளங்கும்.

இதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்வோம். விரைந்து செல்லும் பேருந்து திடீரென்று நின்றால், நிற்கும் பயணிகள் முன்னே சாய்கின்றனர். இதற்குக் காரணமான பண்பை நிலைமம் என்று பௌதிக நூலிற் படித்திருக்கிறீர்கள். பேருந்து சமதரையில் ஓடுகிறது. பாய்மரப் படகோ காற்றின் விசையால் எந்நேரமும் ஒருபக்கம் சாய்ந்தே செல்வது. பேரலை தாக்கினால் அது பக்கவாட்டில் முழுதும் படுத்துவிடும்; சில வேளைகளில் தலைகீழாகவும் புரண்டுவிடும். அப்பொழுது சுவர் தரையாகிறது. பின்னர்க் கூரையும் தரையாகிறது. படகின் ஒரு பக்கத்தில் வைத்திருந்த மின்கலம் 2 மீட்டர் விழுந்து எதிர்ப்பக்கத்தை அடைவதாகக் கொள்ளுங்கள். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் ஆகிவிடும். இருபது முப்பது கிலோ எடையுள்ள பொருள் அந்த வேகத்தில் வந்து ஒருவர் மார்பில் மோதினால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

பழங்காலப் போர்க்கப்பல்களில் இவ்வச்சம் பீரங்கிகளைப் பற்றியதாக இருந்தது. சுவீடன் நாட்டு அரசர் கட்டுவித்த 'வாசா' என்னும் பெருங்கப்பல், 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறையிலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுகூடச் செல்லவில்லை. இளங்காற்றிலேயே சாய்ந்து மூழ்கிற்று. விசாரணையில் கப்பல் தலைவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று, பீரங்கிகளைச் சரியாகப் பிணைத்திருந்தீர்களா என்பது. பிணைத்திருந்ததாக அவர் உறுதிபடக் கூறினார். கப்பலின் மேற்பகுதி அளவுக்கு மீறிக் கனத்திருந்ததே உண்மையான காரணம் என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஆயினும் அக்கேள்வி எழுந்ததே நமக்கு ஒரு செய்தியாகும். கப்பல் ஒன்று கவிழ்ந்தால், உள்ளேயிருந்த கனமான பொருள் அவிழ்ந்து உருண்டதோ என்று ஐயுறுவது அக்காலத்தவர்க்கு இயல்பாயிருந்தது.

சரக்குக் கப்பலில் இவ்விடர் வேறு வடிவில் வந்தது. நம் பக்கத்துக் களத்துமேட்டிற் குவித்த நெல்லை நோக்குங்கள். ஓரத்திற் சிறிது கைவைத்தாலும் மேலேயிருந்து சரிந்து வருகிறது. அதே நெல்லைக் கோணிப்பையிற் கட்டி அடுக்கிவிட்டால் அசைவதில்லை. ஜெர்மனி நாட்டின் 'பாமிர்' என்னும் நான்கு பாய்மரக் கப்பல், 1957ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலிருந்து பார்லி தானியத்தை ஏற்றிக்கொண்டு தாயகம் திரும்பியது. தானியத்திற் பெரும்பகுதி பைகளில் அடைக்கப்படாமல் அப்படியே கொட்டப்பட்டிருந்தது. செப்டம்பர் 21ஆம் நாள் அட்லாண்டிக் பெருங்கடலில் சூறாவளி தாக்கியது. தானியம் ஒருபக்கம் சரிந்தது. சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரவில்லை. அதிலிருந்த 86 பேரில் உயிர் பிழைத்தவர் அறுவரே. மாண்டவருட் பெரும்பாலோர் கடற்றொழில் பயில வந்த உங்கள் வயதினர். சரக்கை ஏற்றிய முறை பிழையானது என்று விசாரணை மன்றம் கண்டது.

அடுத்து, சரக்கை ஏற்றாமல் பயணத்திற்காகவும் பந்தயத்திற்காகவும் ஓட்டப்படும் பாய்மரப் படகுகளைக் காண்போம். யாட் என்று வழங்கப்பெறும் இவை கடலில் மிதக்கும் சிறு வீடுகள் எனலாம். நம் தமிழ்க் கப்பல் ஒன்றே அவ்வகையில் இடம்பெற்றதுண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உருவான 'அன்னபூரணி அம்மாள்' என்னும் சரக்குக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் செலுத்த, அது அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சேர்ந்தது.

வீடு என்றால் அதில் அடுப்பும் பாத்திரமும் புத்தகமும் கருவிப்பெட்டியும் இருக்குமன்றோ? நிலத்தில் இவை நமக்குத் தோழர்கள். கடலிலோ ஒவ்வொன்றையும் ஐயத்தோடு நோக்கவேண்டும். இந்தியாவிற் கட்டிய ஒரு படகின் வரலாறு இதற்குச் சான்றாகும். பம்பாயில் தேக்குமரத்தாற் செய்யப்பட்ட 'சுஹைலி' என்னும் 32 அடிப் படகில், ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1968 ஜூன் 14ஆம் நாள் புறப்பட்டார். 1969 ஏப்ரல் 22ஆம் நாள் திரும்பினார். தனியொருவராய் எங்கும் நிறுத்தாமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. 1968 செப்டம்பரில், தென்கடலில் அவர் படுக்கையிற் கிடந்தபோது பேரலை ஒன்று படகைச் சாய்த்துவிட்டது. உள்ளேயிருந்த பொருள்கள் அவர்மேல் வந்து விழுந்தன. எழுந்து பார்த்தால், அறையின் தடுப்புச் சுவர்கள் இடம்பெயர்ந்திருந்தன. குடிநீரிலும் உப்பு கலந்துவிட்டது. அதன்பின் மழைநீரை ஏந்திக் குடித்தே பயணத்தைத் தொடர்ந்தார்.

பத்தாண்டுகள் கழித்து நேர்ந்த ஒரு பெருந்துயரம் இவ்வுண்மையை உலகறியச் செய்தது. இங்கிலாந்தின் கௌஸ் துறையிலிருந்து அயர்லாந்துக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் பந்தயத்தில், 1979 ஆகஸ்டில் 303 படகுகள் கலந்துகொண்டன. 13ஆம் நாள் இரவும் மறுநாளும் கடும்புயல் வீசிற்று. பந்தயத்தில் ஈடுபட்டோருள் 15 பேர் இறந்தனர். பின்னர் நடந்த விசாரணையில் விடையளித்த படகுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கிடைமட்டத்துக்கும் அப்பாற் புரண்டவை என்று தெரிந்தது. கட்டுத் தளர்ந்த மின்கலங்களும் அடுப்புகளும் உள்ளறைகளிற் பறந்தன.

அப்பந்தயத்தில் 24 படகுகளை மாலுமிகள் கைவிட்டனர். மூழ்கியவை ஐந்து மட்டுமே. ஏனைய 19 படகுகள் மிதந்துகொண்டிருந்து பின்னர் மீட்கப்பட்டன. இதன் பொருளைச் சிந்தியுங்கள். கலத்தின் உடல் புயலைத் தாங்கும் வலிமையோடு இருந்தது. ஆகவே உள்ளே தங்கியிருக்க இயலுவதே பல வேளைகளில் உயிர்காக்கும் வழி. உள்ளறையில் கண்ணாடித் துண்டும் கருவியும் பலகையும் சுழன்று அடித்தால், எவர்தாம் அங்கே தங்குவர்?

ஆகவே நீண்ட கடற்பந்தயங்களுக்கென வகுத்த விதிகள் உள்ளறையையும் நோக்கின. இன்றுள்ள விதிப்படி, படகு 180 பாகை புரண்டாலும் கனமான பொருள்கள் இடம்பெயரலாகாது. நிலைகுலையாதிருக்க அடியில் வைக்கும் பாரம், நீர்த்தொட்டி, மின்கலம், அடுப்பு யாவும் இதில் அடங்கும். மின்கலத்தை இறுகப் பிணைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதிலுள்ள அமிலத்தோடு கடல்நீர் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு தோன்றக்கூடும்.

அடுப்பை நோக்குங்கள். படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாதிருக்க, அதனை இரு அச்சுகளில் ஊஞ்சல்போலத் தொங்கவிடுகிறார்கள். மிக நல்ல ஏற்பாடுதான். ஆனால் அச்சு தங்கும் குழி மேற்புறம் திறந்திருந்தால், படகு புரளும்போது அடுப்பு துள்ளி வெளியே வந்துவிடும். ஒரு சிறு பூட்டு அதைத் தடுக்கும். தரைப்பலகைகளுக்குத் தாழ், அலமாரிக் கதவுகளுக்குத் தானே திறந்துகொள்ளாத கொண்டி, புத்தகத் தட்டுக்குக் குறுக்குச் சட்டம், மேசைக்கு உயர்ந்த விளிம்பு, உறங்குபவர் உருண்டு விழாதிருக்கப் படுக்கையோரம் வலிய துணித்தடுப்பு. இவை யாவும் சிறு பொருள்கள். செலவும் பெரிதன்று.

ஒரு பொருளை அசையாமல் வைத்தால் மட்டும் போதாது. வேண்டும்போது அது கைக்கெட்டவும் வேண்டும். நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, 2013ஆம் ஆண்டில் எங்கும் நிறுத்தாமல் தனியே உலகைச் சுற்றிய முதல் இந்தியராய்ப் புகழ்பெற்றவர். 2018ஆம் ஆண்டுப் பந்தயத்தில், சுஹைலியின் மாதிரியாகக் கோவாவிற் கட்டப்பட்ட 'துரியா' என்னும் படகில் சென்றார். செப்டம்பர் 21ஆம் நாள் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயல் அதனைப் புரட்டியது. பாய்மரங்கள் முறிந்தன, அவர் முதுகெலும்பிற் கடுங்காயம் பட்டு எழ முடியாமற் கிடந்தார். இரண்டாவது செயற்கைக்கோள் தொலைபேசியும் கைவானொலியும் அவசரப் பையில் இருந்தன. பையோ அவரால் எட்டமுடியாத இடத்தில் இருந்தது! மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் வந்து அவரை மீட்டது. அவர் மனந்தளரவில்லை. அடுத்த பந்தயத்திற் கலந்து 2023ஆம் ஆண்டில் இரண்டாமிடம் பெற்றார்.

நம் தமிழ்நிலத்துப் பெண்மணி ஒருவரையும் இங்கே குறிப்பிடவேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தவரான தில்னாவுடன் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டார். இருவரே உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினர். அவர்கள் பாயை விரித்த திறமையைப் பாராட்டும் நாம், எட்டு மாதங்களாக ஒவ்வொரு கொண்டியையும் முடிச்சையும் காத்துவந்த பொறுமையையும் பாராட்டவேண்டும்.

மாணவர்களே, உங்களுட் சிலர் நாளை கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ பணிபுரியச் செல்லலாம். அங்கே புயலை எதிர்கொள்ளும் வீரத்தை உங்களுக்குக் கற்பிப்பார்கள். அதனினும் முன்பாக, துறைமுகத்தில் நீர் அசைவற்றிருக்கும்போதே அறைக்குள் நின்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். 'இந்த அறை இப்பொழுது தலைகீழானால் எது என்மேல் விழும்?' என்பதே அக்கேள்வி. விடையாக எந்தப் பொருள் கண்ணிற் படுகிறதோ, அதனை அப்பொழுதே கட்டிவிடுங்கள். புயல் வந்தபின் முடிச்சுப் போட நேரம் கிடைப்பதில்லை.