ஒற்றியூர் மகிழடியும் சங்கிலியார் வரலாறும்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, இராயபுரத்தைக் கடந்து எண்ணூர் ஆலைகளை நோக்கிச் செல்லும் சாலையில் சரக்குந்துகள் இரவும் பகலும் இடையறாது ஓடுகின்றன. அவ்வழியில் உள்ள திருவொற்றியூர்த் திருக்கோயிலுள் மகிழ மரம் தலமரமாகப் போற்றப்படுகின்றது. அம்மரத்தடியில் ஓர் இளைஞர் உரைத்த சூளும், அதனைப் பிழைத்ததனால் விளைந்த துன்பமும் சைவ இலக்கிய வரலாற்றில் பெரிதும் பேசப்படுவன. இளையோர் காதலும், பிரிவும், பூசலும், அவற்றினிடையே தெய்வத்தின் தலையீடும் விரவிய அவ்வரலாற்றில், சங்கிலியாருக்கு உரிய இடம் யாது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வரலாற்றை விரித்துரைப்பவர் சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) காலத்தவராகிய அவர், இதனை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் அமைத்தார். திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், ஒற்றியூரை அடைந்தபோது, கன்னிமாடத்திலிருந்து இறைவனுக்கு மலர்மாலை தொடுத்த ஞாயிறு என்னும் ஊரினராகிய சங்கிலியாரைக் காண்கிறார். அவரைத் தமக்குத் தருமாறு இறைவனிடமே வேண்டுகிறார். இறைவன் சங்கிலியார் கனவில் தோன்றி மணத்திற்கு உடன்படுமாறு பணிக்கிறான். அவர் மறுத்திலர், எனினும், தம்மை மணக்க விரும்புபவர் ஆரூரில் மகிழ்ந்து உறைபவர் என்பதனை மறவாது எடுத்துரைக்கிறார். பிரியேன் எனச் சுந்தரர் சூளுரைப்பார் என்கிறான் இறைவன்.

சூளுரைக்க உடன்பட்ட சுந்தரர், அவ்வேளையில் கருவறையை விட்டு மகிழின்கீழ் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டுகிறார். தோழனுக்கு இசைந்த இறைவன், மகிழின்கீழ்ச் சூளுறுமாறு கேட்கும்படி சங்கிலியாருக்கும் அறிவிக்கிறான். மறுநாள் சேடியர் மரத்தடியையே சுட்ட, சுந்தரர் வேறு வழியின்றி ஆங்கே சூளுரைக்கிறார். தப்பிச் செல்ல வகுத்த சூழ்ச்சியே தளையாயிற்று. இந்நாடகத்தில் வென்றவர் எனத்தக்க சங்கிலியாரோ மகிழ்ந்திலர். இறைவன் பணியால் இக்காட்சியைக் காண நேர்ந்ததே என்று மறைந்து நின்று வருந்துகிறார் எனச் சேக்கிழார் கூறுவது நம் கருத்திற்கு உரியது. காதலரை நம்பாது பிணை கேட்ட பெண்ணாக அவரைக் காட்டாமல், பிணை கேட்க நேர்ந்தமைக்கு நாணும் பெண்ணாகக் காட்டுகிறார் புலவர்.

வேனில் வர, சுந்தரர் ஆரூரையும் பரவையாரையும் நினைந்து புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவிலே இரு கண்களும் ஒளி இழக்கின்றன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெறுகிறார். ஆரூரில் பரவையார் சினந்து கதவடைக்க, இறைவனே இருமுறை தூது நடக்கிறான். ஆண்டவனை ஒரு பெண்ணிடம் தூது விடுத்தார் என்று வெகுண்ட கலிக்காமர், தமக்கு வந்த சூலைநோயைச் சுந்தரர் தீர்க்கவேண்டும் என்பதனினும் இறப்பதே நன்றென வாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். அது கண்டு சுந்தரரும் வாளை எடுக்க, இறையருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அதனைப் பற்றித் தடுக்கிறார், இருவரும் நண்பராகின்றனர்.

பரவையாரின் ஊடல் தணிந்தது. கலிக்காமரின் பகை நட்பாயிற்று. ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரின் நிலை யாது? அவருடைய பிரிவுத்துயரைப் புராணம் விரித்துக் கூறவில்லை. பரவையாரும் அவரும் முன்னே கயிலையில் உமையம்மையின் சேடியராகிய கமலினியும் அநிந்திதையும் ஆவர் என்றும், இறுதியில் மீண்டும் அந்நிலை எய்தினர் என்றும் கூறி அமைகின்றது. மண்ணுலகில் மாற்றவராய் நின்ற இருவரும் விண்ணுலகில் தோழியர் என்பது பூசலுக்கு முடிவு தருகின்றதேயன்றி, காத்திருந்தவரின் நாள்களுக்கு விடை தருவதன்று.

இவ்வரலாறு சேக்கிழாரின் கற்பனையோ எனின், அன்று. சங்கிலியின் பொருட்டே இறைவன் தம் கண்ணைக் கொண்டான் என்று திருமுல்லைவாயிற் பதிகத்துள் சுந்தரரே கூறுகிறார். சங்கிலியைத் தந்தவனும் ஊன்றுகோல் தந்தவனும் ஒருவனே என்னும் கருத்தை வெண்பாக்கப் பதிகத்திற் காண்கிறோம். தாம் பிழைத்ததனையும் அப்பதிகத்துள் அவர் மறைத்திலர். பரவையாரின் பெயரோ நெல்லும் பொன்னும் வேண்டும் பதிகங்களில் வருகின்றது. எனவே, ஒருவர் பெயர் இல்லறத் தேவையோடும், மற்றவர் பெயர் குற்றவுணர்வோடும் சுந்தரர் நாவில் பயின்றன என்பது தெளிவு.

இவ்வேறுபாடு கல்வெட்டிலும் ஒருவாறு புலனாகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில், ஆதித்தன் சூரியன் என்னும் அதிகாரி எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளுள் நம்பியாரூரனாரும் நங்கை பரவையாரும் உளர், சங்கிலியார் இலர். சோழநாடு தன் மகளை நினைவிற் கொண்டது. தொண்டைநாட்டு மகளை நினைவிற் கொண்டது ஒற்றியூரே.

இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இதற்குச் சான்றாகும். பங்குனி உத்திர விழாவில் ஒற்றியூர் இறைவனாகிய படம்பக்க நாயகர் மகிழின்கீழ் எழுந்தருளி, ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் கேட்டருளினார் என்றும், மடத்துச் சதுரானன பண்டிதரும், சோமசித்தாந்தம் உரைத்த வாகீச பண்டிதரும், அரசனும் உடனிருந்தனர் என்றும் அதனால் அறிகிறோம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது இது. தோழனுக்கும் பெண்ணுக்கும் இடையே தான் ஆடிய ஆடலை, அம்மரத்தடியிலேயே, மன்னனும் அறிஞரும் சூழ இறைவன் கேட்டிருந்தான் என்பது எண்ணுதற்கு இனிய செய்தி.

இன்றும் மாசிப் பெருவிழாவில் சுந்தரர்-சங்கிலியார் திருமணமும் மகிழடி சேவையும் இத்தலத்தில் நிகழ்கின்றன. விழா ஆண்டுதோறும் அச்சூளினை மீட்டும் உரைக்கின்றது. எல்லை கடந்து போன பின்னர் நிகழ்ந்ததனையன்று. சுந்தரர் ஆரூர் சென்றார். அவர் உரைத்த சொல் ஒற்றியூரை விட்டு நீங்கவில்லை. நூல் விரித்துரையாத சங்கிலியார்க்கு ஊர் செய்துவரும் முறை அதுவே என்பது எம் துணிபு.