திருப்பூர் பின்னலாடைப் பகுதி: வளர்ச்சி, குழந்தைகள், நொய்யல் குறித்த பல்கலைக்கழக ஆய்வுகள்

பன்னாட்டு வளர்ச்சித் துறை ஆய்வாளர்கள் இந்தியாவில் திரும்பத் திரும்ப வந்த ஊர்களில் ஒன்று திருப்பூர். சென்னை, ஆக்ஸ்போர்டு, சசெக்ஸ், லின்ஷோப்பிங் எனப் பல இடங்களின் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் இந்தப் பகுதியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகள் மூன்று. சிறிய பனியன் பட்டறைகளால் ஒரு நகரம் எப்படி உலகச் சந்தையைப் பிடித்தது? அந்த உழைப்பில் குழந்தைகளும் பதின்பருவப் பெண்களும் எங்கே இருந்தார்கள்? நொய்யல் ஆறு என்ன ஆயிற்று? பெரும்பாலும் தனித்தனி ஆட்களே இவற்றை ஆராய்ந்தார்கள். தொழிலைப் படித்தவர் ஆற்றை ஓரிரு பக்கங்களில் கடந்தார். ஆற்றைப் படித்தவருக்குக் கிணறுகள் கண்ணில் பட்ட அளவுக்கு வீடுகள் படவில்லை.

தொழில் பற்றிய ஆய்வுகள்

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் வாங்க வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது ஊர் வழக்கம். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990இல் அமைந்தது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் வேறு வேறு இடங்கள் என்று ஜாப் ஒர்க்காகப் பிரிந்து கிடக்கும் இந்த அமைப்புதான் முதலில் ஆய்வாளர்களை ஈர்த்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் 1994இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இத்தாலியச் சிறுதொழில் வட்டாரங்களோடு திருப்பூரை ஒப்பிடுவது எவ்வளவு சரி என்று கேட்டது. மறு ஆண்டு பமேலா காதார்ன் 'வேர்ல்டு டெவலப்மென்ட்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் தொழில் வளர்ந்த விதத்தை விவரித்தது. முதலாளிகள் ஒரே பெரிய ஆலை கட்டாமல் பல சிறு கம்பெனிகளாகப் பிரிந்து பெருகினார்கள் என்பது அவர் கண்டது. ஒரு கம்பெனியில் இத்தனை பேர் இருந்தால்தான் பொருந்தும் என்ற தொழிலாளர் சட்டங்கள் வாசலிலேயே நின்றுவிடுவதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

ஷரத் சாரியின் நூல் 2004இல் வந்தது. கொங்கு வேளாளக் கவுண்டர் குடும்பங்களில் பிறந்த தொழிலாளர்கள் காட்டு வேலையிலிருந்து பட்டறைக்கு வந்து முதலாளிகளானதை அது விரிவாகச் சொல்கிறது. தங்கள் உழைப்பே தங்களை உயர்த்தியது என்று அவர்கள் சொல்லும் வரலாற்றைச் சாரி மதித்துக் கேட்கிறார்; அதே உழைப்பைப் போட்ட பெண்களும் தலித்துகளும் ஏன் அந்தப் படியில் ஏறவில்லை என்றும் கேட்கிறார். திருப்பூர் பற்றி ஒரே ஒரு நூல்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படிக்கலாம்.

கிராமத்திலிருந்து பார்த்த குழந்தைகள்

1990களில் பனியன் கம்பெனிகளில் சிறுவர் வேலை மறைவான செய்தியாக இல்லை. தையல்காரருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை, பிசிறு வெட்டுதல், பீஸ் அடுக்குதல் இவற்றில் சிறு கைகள் இருந்தன. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், அமெரிக்காவில் அப்போது பேசப்பட்ட இறக்குமதித் தடை மசோதா, வாங்கும் நிறுவனங்களின் சோதனைகள் எல்லாம் சேர்ந்து ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதைக் குறைத்தன. 1993இல் திருப்பூரில் தொடங்கிய 'சேவ்' தொண்டு நிறுவனம் குழந்தைத் தொழிலாளர் மீட்பில் பெயர் பெற்றது. ஆனால் கம்பெனி வாசலில் நின்று எண்ணினால், வேலையை விட்ட பிள்ளை பள்ளிக்குப் போனதா, வேறு வேலைக்குப் போனதா என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஊருக்குத் திரும்பி வர வேண்டும். ஆக்ஸ்போர்டின் ஜூடித் ஹேயர் அதைச் செய்தார். இந்த வட்டாரக் கிராமங்களில் 1981-82இல் கணக்கெடுத்தவர், 1996இலும் 2003இலும் 2008-09இலும் அங்கேயே திரும்பினார். முதல் சுற்றில் அருந்ததியர் குடும்பங்களின் ஆண்கள் பலர் கவுண்டர் தோட்டங்களில் பண்ணையாட்கள். பிள்ளைகளும் வேலைக்குப் போனார்கள். கடைசிச் சுற்றில் பண்ணையாள் முறை தேய்ந்திருந்தது, பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் இருந்தார்கள், பெண்கள் பலர் கூலி வேலையிலிருந்து விலகி வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் கவனித்தார்கள். பெண் வேலையை விட்டால் அது பின்னடைவு என்று எழுதிப் பழகிய வளர்ச்சிப் பொருளியலுக்கு இந்த முடிவு இடைஞ்சலானது. கொளுத்தும் வெயிலில் பிறர் காட்டில் களையெடுப்பதிலிருந்து கிடைத்த விடுதலையை அந்தப் பெண்கள் முன்னேற்றமாகவே எண்ணினார்கள் என்று ஹேயர் பதிவு செய்கிறார். இதற்குப் பெரிய காரணமாக அவர் காட்டுவது ரேஷன், சத்துணவு, பள்ளிகள் போன்ற அரசின் சமூகத் திட்டங்களை. வேலையிடங்களின் நிலைமை அந்த அளவுக்கு மாறவில்லை.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கீர்ட் டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் இருவரும் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியுதவியோடு இரண்டு கிராமங்களை ஒப்பிட்டார்கள். ஒன்றிலிருந்து தலித்துகள் திருப்பூர் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறினார்கள். மற்றதில் விசைத்தறி முதலாளிகள் கொடுத்த அட்வான்ஸ் கடன் அவர்களைத் தறியோடு கட்டிப்போட்டது. நகரத்தின் வளர்ச்சி பக்கத்து ஊருக்கு ஒரே மாதிரி வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆய்வு நெறிப்படி இரு ஊர்களுக்கும் மாற்றுப் பெயர்கள் இடப்பட்டுள்ளன. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் பற்றி எழுதும்போது அது தேவைதான். ஆனால் தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று தேடக்கூட அந்த ஊர்க்காரர்களுக்கு வழியில்லாமல் போகிறது. எழுத்து முழுதும் ஆங்கிலத்தில் இருப்பது அதற்கு மேல்.

நூற்பாலை விடுதிகள்

திருப்பூருக்கு நூல் தரும் ஆலைகள் கோவை, ஈரோடு, திண்டுக்கல் வரை பரவியுள்ளன. அங்கே 'சுமங்கலி' முதலான பெயர்களில், மூன்றாண்டு வேலை முடிந்தபின் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்ற வாக்குறுதியோடு பதின்பருவப் பெண்கள் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். இதைப் பன்னாட்டு விவாதமாக்கியது நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011இல் வெளியிட்ட அறிக்கை. அது பல்கலைக்கழக ஆய்வல்ல. பின்னர் சசெக்ஸ் வளாகத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனம் பிராக்சிஸ் அமைப்போடு சேர்ந்து வேறு வழியில் சென்றது. மக்கள் தங்கள் வாழ்க்கைக் கதைகளைச் சொல்ல, அந்தக் கதைகளை அவர்களே கூடி அலசினார்கள். மருத்துவச் செலவு, அதற்கு வாங்கிய கடன், அதை அடைக்க ஆலைக்குப் போகும் பெண் என்ற சங்கிலி அதில் துலங்கியது. ஆலையை மட்டும் சோதிப்பவர்கள் இதைக் கண்டிருக்க முடியாது.

நொய்யலும் உப்பும்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலின் கரையில்தான் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு முழுதும் தண்ணீரோடு வெளியேறும். நிறத்தைச் சுண்ணாம்பு போட்டு ஓரளவு பிரிக்கலாம், கரைந்த உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. ஆரம்பகாலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோற்றது இங்கேதான்.

1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணைத் தண்ணீர் வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்டார்கள். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் அன்னா புளோம்க்விஸ்ட் 1996இல் முடித்த ஆய்வு, பாசன உழவரும் ஜவுளித் தொழிலதிபரும் தண்ணீர் நிர்வாகத்தில் எப்படிக் கூட்டாகச் செயல்பட்டார்கள் என்று பார்த்தது. பிரகாஷ் நெல்லியாட், பால் அப்பாசாமி ஆகியோர் சென்னையிலிருந்து மாசின் பணமதிப்பைக் கணக்கிட்டார்கள். 1980 முதல் 2000 வரை வெளியேறிய கரைந்த உப்புகள் ஏறக்குறைய 23 லட்சம் டன் என்பது அக்கணக்கு.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாற உத்தரவிட்டு, அதுவரை லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடும் உத்தரவு உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஊரே முடங்கியது, சாய வேலை பிற மாவட்டங்களுக்கு ஓடியது. பிறகு எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள், உப்புநீரையே மீண்டும் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை ஆகியவற்றோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. தண்ணீரின் பெரும்பகுதி இப்போது மீட்கப்படுகிறது. கலப்பு உப்பும் கசடும் வளாகங்களில் மூட்டைகளாகத் தேங்கும் சிக்கல் தீரவில்லை.

ஆய்வு எட்டாத இடம்

இன்று பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் ஏராளம். லைன் வீடுகளில் தங்கும் இவர்களின் பிள்ளைகள் பாதி ஆண்டு ஒரு பள்ளியிலும் மீதி ஆண்டு சொந்த ஊரிலும் இருப்பதுண்டு. அதே வீட்டுக் கதவைப் பத்தாண்டு கழித்துத் தட்டிய ஹேயரின் முறை இவர்களிடம் செல்லாது, ஏனெனில் அடுத்த முறை அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை ஒடிசாவிலும் திருப்பூரிலும் சேர்த்துப் பின்தொடரும் ஆய்வுதான் இதற்குப் பொருந்தும்; அதை ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தனியாகச் செய்ய முடியாது.