பழவேற்காட்டின் பன்மைப் பண்பாடு: நன்மையும் குறையும்

சென்னைக்கு வடக்கே, பரந்து விரிந்த உப்பேரியின் தென்முனையில் அமைந்துள்ள பழவேற்காடு, இன்று மீனவர் குப்பங்கள் சூழ்ந்த ஓர் அமைதியான ஊர். நானூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, கீழைத் தேசங்களின் கப்பல்கள் நாடி வந்த பெருந்துறைமுகமாக அது விளங்கிற்று. பல சமயத்தாரும் பல மொழியினரும் ஒரே ஊரில் வாழ்வதால் விளையும் நன்மை தீமைகளை ஆராய விழைவோர்க்கு இவ்வூரின் வரலாறு சிறந்ததொரு சான்றாகும்.

வணிகம் இணைத்த மக்கள்

விஜயநகர ஆட்சிக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகரும், தெலுங்குச் செட்டிமாரும், போர்ச்சுக்கீசியரும் இங்கு வாணிபம் புரிந்தனர். 1610இல் வேங்கடபதி மன்னரிடம் அனுமதி பெற்ற டச்சுக்காரர்கள் பண்டகசாலை நிறுவினர். 1612இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் இதுவேயாகும்.

இங்கிருந்து ஏற்றுமதியான துணிகள் தென்கிழக்காசியா எங்கும் புகழ் பெற்றன. மலேசியாவில் இன்றும் கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்றே அழைக்கின்றனர். அப்பெயர் இவ்வூரின் பெயரே. ஒரு சமூகத்தார் நெய்ய, மற்றொரு சமூகத்தார் முதலீடு செய்ய, வேறொரு சமூகத்தார் கடல் கடந்து விற்றதன் விளைவே இப்புகழ்.

இக்கலப்பின் சுவடுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. இராமாயணக் காட்சிகளைச் சிறு சிற்பங்களாகக் கொண்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மகிமை மாதா ஆலயம், பள்ளிவாசல்கள், எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வாயிலில் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் ஆகியன ஒரே ஊரில் அமைந்துள்ளன. அரபு எழுத்தில் தமிழை வரையும் அரபுத்தமிழ் மரபு இங்குள்ள முஸ்லிம்களிடையே நிலவியது. முஸ்லிம் பெண்டிரின் பனையோலைக் கைவினைப் பொருட்கள் இன்றும் பெயர் பெற்றவை.

மறைக்கலாகாத மறுபக்கம்

எனினும், பலர் கூடி வாழ்ந்தமையாலேயே அங்கு நீதி நிலவியது எனக் கருதுதல் பிழையாகும். 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் வறியோர் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, இத்துறைமுகத்திலிருந்தே படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வாங்கியவர் டச்சுக்காரர், பிடித்துக் கொடுத்த தரகரோ நம் நாட்டவர். இலாபம் ஒன்றே இணைப்பாக இருக்குமாயின், அவ்விணைப்பு எளியோரைக் காவாது.

ஏரியில் நிலவும் 'பாடு' முறையும் இவ்வாறே இரு முகம் உடையது. இறால் மிகுந்த இடங்களில் வலையிடும் உரிமையை முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வதே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் ஆகியவற்றுடன் கிறிஸ்தவர் வாழும் நடூர் மாதாகுப்பமும் இம்முறையில் பங்கு கொண்டுள்ளது. சமயம் வேறாயினும் முறை ஒன்றே. அதனால் சச்சரவு தணிந்தது, ஏரியின் வளமும் காக்கப்பட்டது. ஆயினும் இவ்வுரிமை பட்டினவர் குலத்தவர்க்கே உரியது. வலையின்றிக் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் போன்றோர்க்கு அதில் இடமில்லை. இறால் ஏற்றுமதியால் விலை உயர்ந்து, பிற சமூகத்தாரும் ஏரியை நம்பத் தொடங்கிய போது பூசல்கள் எழுந்தன. ஒரு வட்டத்துக்குள் நீதியாக விளங்கிய முறை, வட்டத்துக்கு வெளியே நின்றவர்க்குத் தடையாயிற்று.

நாம் பெறும் படிப்பினை

பன்மைப் பண்பாடு தொழிலையும் அறிவையும் வளர்க்கும். உலகத் தொடர்பைத் தரும். ஆனால் அவரவர் வழக்கத்தை மதித்தல் வேறு. வழக்கத்தின் பெயரால் ஒருவரை வெளியே நிறுத்துதல் வேறு. கோயிலும் ஆலயமும் பள்ளியும் அருகருகே நிற்பது பெருமைக்குரியதே. அதனினும் பெருமைக்குரியது, பொது நீர்நிலையைப் பற்றிய முடிவுகளில் கடைசிக் குடிசையில் வாழ்பவர் சொல்லுக்கும் இடமளிப்பதாகும். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் வலையுடையவரும் வலையற்றவரும் ஒருசேரத் துன்புறுவர். எனவே அண்டை அயலாரின் வழிபாட்டை மதிப்பதுடன் நின்றுவிடாமல், அவர்தம் பிழைப்பின் உரிமைக்கும் துணை நிற்பது நம் அனைவரின் கடமையாகும்.