பாடியவர் பெயர் எங்கே?

இரத்தினபுரி மாவட்டத்தில் ஓர் இறப்பர் தோட்டத்தில் என் அம்மாயி பால் வெட்டினார். இழவு வீடுகளில் ஒப்பாரிக்கு அவரைத்தான் அழைப்பார்கள். 1977 வன்செயலில் லயத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தோம். அவரது பாடல்களைச் சின்னம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 2009 இல் அந்தக் கொப்பியும் போனது.

தோட்டத்தில் கலை என்றால் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பார்கள். ஆடுவதும் தப்படிப்பதும் ஆண்கள். பெண் வேடமும் பெரும்பாலும் அவர்களுக்கே. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் பெண்களுடையவை. அரைப்பேர் போட்ட கணக்கும் கங்காணியின் ஏச்சும் அவற்றில்தான் பதிவாகின. ஆனால் அவற்றை யாரும் கலை என்று எண்ணவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் பல வரிகள் தப்பின. பாடிய பெண்களின் பெயர்கள் தப்பவில்லை.

பெயர் தப்பிய ஒருவர் மீனாட்சி அம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார். நடேசய்யர் 1931 இல் அட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அதன் கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். பிறகு தாமே எழுதிப் பாடினார். எழுத்தறியாத தொழிலாளருக்கு அரசியலைக் கொண்டு சேர்த்தது அந்தப் பாட்டுத்தான். 1939 இல் இந்தியத் தொழிலாளரை அரச வேலைகளிலிருந்து நீக்கத் தொடங்கிய நெருக்கடியை அவர் பாட்டாக்கினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் 1940 இல் வந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, வரப்போகும் ஆபத்தை ஒரு பெண் மேடையேறிச் சொல்லியிருக்கிறார்.

இருந்தும் அவர் பெயர் இன்னும் பெரும்பாலும் கணவரின் வரலாற்றுக்குள் ஒரு பத்தியாகவே வருகிறது. அச்சுக்கு வந்தவருக்கே இந்த நிலை என்றால், அச்சைக் காணாத அம்மாயிகளுக்கு என்ன மிஞ்சும்?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்த மூதாட்டிகள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், எப்போது யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரதியை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒரே கொப்பியை நம்பி இழந்தவள் சொல்கிறேன்.