மின்விசை முழங்கால்

முழங்காலுக்கு மேல் கால் அகற்றப்பட்டவர்களின் செயற்கைக் காலில் பொருத்தப்படும், மோட்டாரும் பேட்டரியும் கொண்ட மூட்டு. சாதாரண மூட்டு மடங்கும், நிமிரும், உடலைத் தூக்காது. படியேறுவதும் நாற்காலியிலிருந்து எழுவதும் மறு காலின் பாடு. அந்த உந்துவிசையை மோட்டார் தருகிறது. ஐஸ்லாந்தின் ஓசூர் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘பவர் நீ’ இவ்வகையில் முன்னோடி.

நுண்செயலி முழங்கால் இதிலிருந்து வேறுபட்டது. அது உந்தாது, தடையை மட்டும் கூட்டிக் குறைக்கும். இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கி 2022இல் அறிவித்தது இவ்வகையே. பாரத்தையும் மூட்டின் கோணத்தையும் உணரிகள் அளக்கின்றன. நடையின் நிலையை நுண்செயலி கணிக்கிறது. சிறு மோட்டார் எண்ணெய்த் தணிப்பியை இறுக்குகிறது அல்லது தளர்த்துகிறது. எடை 1.6 கிலோ. காலிழந்த ஒருவர் சிறிதளவு துணையுடன் இதை அணிந்து சுமார் 100 மீட்டர் நடந்தார். இறக்குமதி மூட்டுகள் 10 முதல் 60 லட்ச ரூபாய் வரை விற்கும்போது, இதை 4–5 லட்சத்தில் தர முடியும் என்பது இஸ்ரோவின் எதிர்பார்ப்பு. அதுவும் மீனவருக்கோ கொத்தனாருக்கோ எட்டாத தொகைதான்.

சென்னை ஐஐடி 2022இல் வெளியிட்ட ‘கடம்’ மூட்டில் மோட்டாரே இல்லை. எனினும் 160 பாகை மடங்குவதால் பேருந்து இருக்கைகளின் நெருக்கத்தில் காலை மடக்கி உட்கார முடியும். நம் ஊர் வாழ்க்கைக்கு இது பெரிய முன்னேற்றம். மின்விசை மூட்டுக்கோ பேட்டரியை நாள்தோறும் சார்ஜ் செய்தாக வேண்டும், எடையும் கூடுதல்.