நொய்யலும் அவிநாசிக் குளங்களும்

அவிநாசி என்றதும் முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட கதையே நினைவுக்கு வரும். முதலை வாழுமளவு குளத்தில் நீர் நின்றது என்பதற்கும் அக்கதையை நான் சான்றாகக் கொள்வேன், பக்தர்கள் பொறுத்தருள்க!

அவிநாசியை அடுத்தோடும் நல்லாறு நொய்யலிற் கலப்பது. வெள்ளியங்கிரிச் சாரலில் தோன்றும் நொய்யலோ மலையில் மழை பெய்தால் ஓடும். இன்றேல் மணலாய்க் கிடக்கும். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியபின் கோடையிலும் ஆறு ஓடியது. ஓடியது சாயக்கழிவு! சாயம் துணியிற் பற்றுதற்குச் சேர்க்கும் உப்பு, துணியில் தங்குவதில்லை, நீரோடு வெளியேறிவிடும். பாசனத்திற்கென்று 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை உப்புநீர்த் தேக்கமாயிற்று. அணைநீரை வேண்டி நிற்க வேண்டிய உழவரே அதைத் தேக்க வேண்டாமென்றனர். ஆயக்கட்டுதாரர் வழக்காட, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீர் சிறிதும் வெளிவிடாதவை மட்டுமே பின்னர்த் திறக்க இசைவு பெற்றன.

குளங்களின் கதை வேறு. பல்லாண்டுக் கோரிக்கைக்குப்பின் 2024 ஆகஸ்ட் 17இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிற்று. காலிங்கராயன் அணைக்கட்டைக் கடந்து செல்லும் பவானியின் உபரிநீரை, வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் இறைத்து, 1,045 குளங்குட்டைகளுக்கு அனுப்புவது ஏற்பாடு. மழை பல நாள் பரவிப் பெய்தால் இது நன்று. நான்கே நாளில் கொட்டித் தீர்த்தாலோ, 250 கன அடிக்கு மிஞ்சியதெல்லாம் காவிரிக்கே போகும். உலகம் வெப்பமுறுவதால் கொட்டும் மழையே மிகுமென்கின்றனர் வானிலை அறிஞர்.