பழைய கார்கள்: ஓட்டமும் காட்சியும்

பழைய கார்களைப் பேணுவதில் இரண்டு வழிகள் உண்டு. அவ்வப்போது சாலையில் ஓட்டி மகிழ்வது ஒன்று. ஓட்டாமல் துடைத்துக் காட்சிக்கு வைப்பது மற்றொன்று. எது சரி என்ற கேள்வி தமிழ்நாட்டிற்கும் உரியது.

தமிழ்நாட்டின் கார்கள்

சென்னையில் 1840-இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன், 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியது. அதைச் செய்தவர் சாமுவேல் ஜான் கிரீன். 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தி விற்றது. அந்நிறுவனமே 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் வெளிவந்தன. இவை யாவும் அலுவலகம் போகவும், குடும்பத்தோடு வெளியூர் செல்லவும் வாங்கப்பட்டவை.

காட்சிக்கூடங்கள்

கோயம்புத்தூரில் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. சென்னை வடபழனியில் ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகம் 2023-இல் திறக்கப்பட்டது. கார் வாங்க வசதியில்லாத மாணவரும் மோட்டார் வரலாற்றை அருகில் நின்று காண இவை வழி செய்கின்றன.

ஓட்டாவிட்டால் என்ன ஆகும்?

நெடுநாள் நிற்கும் காரில் பெட்ரோல் பிசின்போல் இறுகிக் கார்புரேட்டரை அடைக்கிறது. ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கின்றன. பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. ஒரே இடத்தில் பாரம் தாங்கும் டயர் வடிவம் கெடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடிப் பிடித்த பழைய பாகத்தைப் பொருத்தி, ஒலியைக் கேட்டே எஞ்சினைச் சரிசெய்யும் மெக்கானிக்கின் கைத்திறன், கார் ஓடாவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது.

ஓட்டினால் என்ன ஆகும்?

ஓடும் கார் தேயும். மோதினால் மாற்றுத் தகடு கிடைக்காது. கடற்கரையில் உப்புக்காற்று துருவை விரைவுபடுத்தும். இப்போது விற்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கக்கூடியது. மாற்றிய ஒவ்வொரு பாகத்தோடும் அசலின் ஒரு பகுதி போய்விடுகிறது. ஆனால் காட்சிக்காகப் புதுவண்ணம் பூசினாலும் இதே இழப்புத்தான். நிறம் மங்கிய பழைய பூச்சும் ஒரு வரலாற்றுச் சான்றே.

சட்டமும் சாசனமும்

நடுவண் அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி இருக்கும் வாகனத்தை 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணில் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். இப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு எடுக்க இயலாது. 1960-களில் வாங்கிய ஹெரால்டு ஒவ்வொன்றும் இன்று 50 ஆண்டைக் கடந்தது. தாத்தாவின் ஹெரால்டை இப்பிரிவில் பதியும் பேரன், அதில் கடைத்தெருவுக்குப் போகும் உரிமையை இழக்கிறான்.

பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் (2012), எந்திரங்களை முழுமையாகப் புரிந்துகொள்ள அவற்றை இயக்குவது இன்றியமையாதது என்கிறது. இங்கிலாந்தில் 1905-க்கு முந்தைய வாகனங்கள் ஆண்டுதோறும் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஓடுகின்றன.

எனவே, ஒரே ஒரு வண்டி மட்டும் எஞ்சியிருக்கும் வகையைக் காட்சிக்கூடத்தில் காப்பதும், பல வண்டிகள் எஞ்சியுள்ள ஹெரால்டு போன்றவற்றை அளவோடு ஓட்டுவதும் பொருத்தமானவை. முன்னது காரின் உருவத்தைக் காக்கும். பின்னது அதன் ஓட்டத்தையும், அதை ஓடவைக்கும் கைத்திறனையும் காக்கும்.